அம்மாவோ அப்பாவோ முதியோர் இல்லத்துக்குக் குடிபோகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா தன் 78-வது வயதில் முதியோர் இல்லத்துக்குக் குடிபோனார். முதல் மூன்று மாதம் அவரும் தவித்தார், நாங்களும் தவித்தோம். அப்புறம் மெல்ல மெல்ல அந்த அறை அவருடைய அறையானது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் அன்றிலிருந்து என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ‘அம்மா’, ‘அப்பா’ என்று எழுதியிருக்கும் இடங்களில் உங்கள் பாட்டியையோ பெரியப்பாவையோ அத்தையையோ வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சை எப்படி எடுப்பது? வாயே வரமாட்டேன் என்கிறது.

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நடக்கிறது. விழுந்து எலும்பு முறிந்த பிறகு, மூன்று நாளுக்குள் முடிவெடுக்க வேண்டிய அவசரத்தில். முடிந்தால் அதற்கு ஒரு வருடம் முன்பே, எல்லாரும் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் பேசுங்கள்.

“உங்களால இனிமே தனியா இருக்க முடியாது” என்று தொடங்கினால் பேச்சு அந்த வரியோடு முடிந்துவிடும். கேள்வியாகத் தொடங்குங்கள். “ராத்திரி தனியா இருக்கும்போது எதை நினைச்சா பயமா இருக்கும்மா?” “வீட்டு வேலையில எது ரொம்ப அலுப்பா இருக்கு?” கேட்டுவிட்டுப் பதிலை முழுசாகக் கேளுங்கள். நடுவில் தீர்வு சொல்ல வேண்டாம். முதல் நாளில் முடிவு எதுவும் வராது, வரவும் வேண்டாம்.

இன்னொன்று. பிள்ளைகள் நாலு பேரும் ஒன்றாக வந்து சூழ்ந்து உட்கார்ந்து பேசாதீர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல இருக்கும் அவருக்கு. உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அதை முதலில் உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள்.

“நான் வரவே மாட்டேன்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். என்ன செய்வது?

அந்த ‘மாட்டேன்’-க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிலருக்கு அது பணத்தைப் பற்றிய பயம். சிலருக்கு, முன்பின் தெரியாதவர் குளிப்பாட்டுவாரோ என்ற கூச்சம். சிலருக்கு வளர்க்கும் பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை. பலருக்கு, ‘அங்கே விட்டுவிட்டால் என்னை மறந்துவிடுவார்கள்’ என்பதுதான் அடியில் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. பொதுவாக “அங்க எல்லாம் நல்லா இருக்கும்” என்று சொல்வது இதில் ஒன்றுக்கும் பதில் ஆகாது.

ஒருமுறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு வேளை அங்கே சாப்பிட்டுப் பார்க்கலாம். பல இல்லங்களில் ஒன்றிரண்டு வாரம் தங்கிப் பார்க்கும் வசதி உண்டு. இரண்டு மூன்று இடங்களை அவரே பார்த்து, ‘இது வேண்டாம், அது பரவாயில்லை’ என்று சொல்லும் நிலை வந்துவிட்டால் பாதித் தூரம் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். தெளிந்த புத்தியோடு இருக்கும் ஒருவர், ஆபத்து தெரிந்தே ‘என் வீட்டில்தான் இருப்பேன்’ என்று சொன்னால், அந்த முடிவு அவருடையது. உங்களுக்குத் தூக்கம் வராமல் போகலாம். அதற்காக அவரை இழுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டுக்கு உதவியாள் வைப்பது, குளியலறையில் கைப்பிடி போடுவது, தினமும் இரண்டு முறை பேசுவது என்று அவர் விருப்பத்துக்குள்ளேயே பாதுகாப்பைக் கூட்டிக்கொண்டே, பேச்சை அவ்வப்போது திரும்ப எடுங்கள்.

“பத்து நாள் மட்டும்தான்” என்று சொல்லி அழைத்துப் போகலாமா?

கூடாது. பதினோராவது நாள் வரும். அன்றிலிருந்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். புது இடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது. அந்த நம்பிக்கையையும் பறித்துவிட்டால் அவருக்கு அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. முற்றிய மறதி நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வீடு மாறுவது அவ்வளவு பெரிய விஷயமா? நாமும்தான் எத்தனை வீடு மாறியிருக்கிறோம்.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல ஆய்வாளர்கள், வாழ்க்கை நிகழ்வுகள் ஒவ்வொன்றும் மனதை எவ்வளவு அழுத்துகின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. குடியிருக்கும் இடம் மாறுவதற்கு 20 மட்டுமே. இதைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒரு முதியவர் எப்போது இல்லத்துக்குப் போகிறார்? பெரும்பாலும் துணையை இழந்த பிறகு, அல்லது பெரிய நோய் வந்த பிறகு. நோய்க்கு அந்தப் பட்டியலில் 53. வாழும் நிலைமைகள் மாறுவதற்கு இன்னொரு 25. கூட்டிப் பாருங்கள், அப்பா எத்தனை மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் படியேறுகிறார் என்று. இடமாற்றத்தால் வரும் இந்தத் தவிப்பு செவிலியர் துறையில் 1992-லேயே தனிப் பிரச்சினையாக அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. தூக்கமின்மை, பசியின்மை, பதற்றம், குழப்பம், ஒதுங்கிப் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஆகவே முதல் வாரங்களில் அவர் சாப்பிடாமல், சிடுசிடுவென்று இருந்தால், ‘வீம்பு பிடிக்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூட என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். நாங்கள் அதிகம் தப்பு செய்தது இதில்தான்.

அம்மா போவதற்கு முன் நானும் அண்ணனும் புதுசு புதுசாக வாங்கினோம். புதுக் கட்டில் விரிப்பு, புதுப் போர்வை, புது மேஜை விளக்கு. அறை பளிச்சென்று இருந்தது. அம்மா உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அடுத்த வாரம் அந்தப் புதுப் போர்வையை எடுத்துவிட்டு, ஓரம் நைந்துபோன அவருடைய பழைய போர்வையைக் கொண்டுவந்து போட்டோம். அதை முகத்தருகே வைத்து மோந்து பார்த்தார். அன்றைக்குத்தான் படுத்து ஒரு நல்ல தூக்கம் தூங்கினார்.

எதை எடுத்துப் போவது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு அது உடைசலாகத் தெரியலாம். என் அம்மா கைப்பிடி ஆடும் ஒரு பழைய நாற்காலியைக் கேட்டார். ஆணி அடித்துக் கொடுத்தோம். ஐந்து வருடமாக அதில்தான் உட்கார்கிறார்.

அறையை எப்படி அடுக்குகிறோம் என்பதும் முக்கியம். வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவாரோ, அதே பக்கம் இறங்கும்படி கட்டிலைப் போடுங்கள். அரைத்தூக்கத்தில் உடம்பு பழைய வீட்டு வரைபடத்தின்படிதான் நடக்கும். கழிவறை இந்தப் பக்கம் என்று எழுந்து சுவரில் போய் மோதி விழுந்தவர்கள் உண்டு. கடிகாரம் படுத்த நிலையில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். வெளிச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் இரவு விளக்கு கட்டாயம். வழியில் வழுக்கும் சிறு விரிப்புகள் எதுவும் வேண்டாம், அது எவ்வளவு பிரியமான விரிப்பாக இருந்தாலும்.

துணி, கண்ணாடி, காது மெஷின், பல்செட் பெட்டி எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். இல்லங்களில் காணாமல் போகிற பொருள்களில் கண்ணாடியும் காது மெஷினும்தான் முன்னால் நிற்கும்.

பழைய வீட்டை என்ன செய்வது?

கட்டாயம் இல்லையென்றால் உடனே விற்காதீர்கள், காலி செய்யாதீர்கள். ‘திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது’ என்ற நினைப்பே பலரைப் புது இடத்தில் நிம்மதியாக உட்கார வைக்கும். செலவுக்காக விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, பொருள்களை யார் யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

என் அம்மா வீட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். சுத்தம் செய்ய வந்த பெண் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டதற்கு ஒருநாள் முழுக்க அழுதார். நான் திரும்ப எடுத்துத் தலையணைக்கு அடியிலேயே வைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து அவராகவே “இது இங்க எதுக்கு, நீயே வெச்சுக்கோ” என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதற்கு முன் அதைக் கேட்க எனக்கு உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

குடிபோகும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

காலையிலேயே போய்விடுங்கள். இருட்டுகிற நேரத்தில் புது இடம் எல்லாருக்குமே பயம் தரும். முடிந்தால் ஒருவர் முன்னாலேயே போய் அறையை ஒழுங்கு செய்துவிட, மற்றவர் அவரை அழைத்து வரட்டும். பெட்டிகள் குவிந்து கிடக்கும் அறையில் நுழைய வைக்காதீர்கள். கூட்டமாகப் போக வேண்டாம், இரண்டு பேர் போதும்.

கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அவர் சாப்பிடும்போது நைசாக நழுவிப் போவது மிகப் பெரிய தப்பு. “நாளைக்கு நாலு மணிக்கு வரேன்” என்று நேரத்தோடு சொல்லிவிட்டு வாருங்கள். நாலு மணிக்குப் போய் நில்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் வந்து பார்க்க வேண்டாம், அப்போதுதான் பழகுவார் என்று சொல்கிறார்கள். சரியா?

இந்த அறிவுரையை நானும் கேட்டேன். குழந்தையைப் பள்ளியில் விடுவது மாதிரி நினைத்துச் சொல்கிறார்கள். குழந்தை மாலையில் வீடு திரும்பிவிடும். இவர் திரும்பப் போவதில்லை. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

எத்தனை முறை போகிறீர்கள் என்பதைவிட, எப்போது வருவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருப்பது பெரிது. ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போய் அங்கிருப்பவர்களோடு பேசிவிட்டு வந்தார்கள். சிலருக்கு, மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இருந்தது. சிலருக்கு வரும் நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. சிலரிடம் மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். சிலருக்கு யாரும் வரவில்லை. முதல் இரண்டு வகையினரும் தெம்பாக, உற்சாகமாக இருந்தார்கள். சொல்லாமல் வந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு, அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, நன்றாக இருந்த அந்த இரண்டு வகையினரின் நிலைமைதான் சரிந்தது. 1978-ல் வெளிவந்த தொடர் ஆய்வு இதைக் காட்டியது.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: முதல் மாதம் ஆவேசமாகத் தினமும் போய்விட்டு இரண்டாம் மாதம் காணாமல் போகாதீர்கள். வருடக்கணக்கில் உங்களால் தாங்கக்கூடிய ஒரு முறையை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் புதனும் என்றால் ஞாயிறும் புதனும். பெரிய எழுத்து நாள்காட்டியில் அவர் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். முதல் சில வாரம் கூடுதலாகப் போவதானால், “இந்த மாசம் மட்டும் அடிக்கடி வருவேன், அப்புறம் வாரம் ரெண்டு நாள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வர முடியாத நாளில் போன் போட்டுச் சொல்லுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு மாலையைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போகும்போதெல்லாம் “என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடு” என்று அழுகிறார்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அவர் அழுவது உங்களிடம்தான், ஏனென்றால் நீங்கள்தான் அழக்கூடிய இடம். நீங்கள் கிளம்பிப் பத்து நிமிடத்தில் பக்கத்து அறை அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார் என்று பணியாளர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனாலும் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் காரணங்களை அடுக்காதீர்கள். “வீட்ல யாரும்மா பாத்துக்குவாங்க, நான் வேலைக்குப் போகணுமில்ல” என்று வாதாடினால் இரண்டு பேருக்கும் காயம்தான் மிச்சம். “வீட்டு ஞாபகமாவே இருக்கா? வீட்ல இந்நேரம் என்ன பண்ணிட்டு இருப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்பது சில நாள் ‘வலிக்கிறது’ என்று அர்த்தம், சில நாள் ‘பயமாக இருக்கிறது’ என்று அர்த்தம், சில நாள் அந்தத் தெரு, அந்த வாசல், அந்த வெயில் வேண்டும் என்றே அர்த்தம்.

யாராவது கையை ஓங்குகிறார்களா, அதட்டுகிறார்களா, கூப்பிட்டால் வருவதில்லையா என்பதையும் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். எல்லா அழுகையும் பழகாத அழுகை என்று தள்ளிவிடக் கூடாது.

பழகுவதற்கு எத்தனை நாள் ஆகும்?

ஆளுக்கு ஆள் மாறும். மூன்று மாதத்தில் ஒருவகை ஒழுங்கு வருவதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் ஆனவர்களும் உண்டு. நேர்க்கோட்டில் போகாது. நன்றாக இருந்தவர் ஒரு பண்டிகை நாளிலோ, பக்கத்து அறைக்காரர் இறந்துபோன வாரத்திலோ திரும்ப முதல் நாளுக்குப் போய்விடுவார். பயப்பட வேண்டாம், இரண்டாம் முறை சீக்கிரமே எழுந்து வருவார்.

யாரோடும் பேசுவதில்லை, அறையிலேயே முடங்கிக் கிடக்கிறார்.

முதலில் காதைப் பாருங்கள். பத்துப் பேர் சாப்பிடும் கூடத்தில், தட்டுச் சத்தத்துக்கு நடுவே, காது மந்தமானவருக்கு எல்லாம் இரைச்சல்தான். எதிரில் இருப்பவர் கேட்டதற்குத் தப்பாகப் பதில் சொல்லி ஒருமுறை அவமானப்பட்டிருந்தால் அப்புறம் வெளியே வர மாட்டார். காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, ஓரமான சின்ன மேஜையில் இடம் கேட்கலாமா என்று பாருங்கள்.

அடுத்தது, இயல்பு. வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தை விரும்பாதவர் 80 வயதில் பஜனைக் குழுவில் சேர மாட்டார். அவருக்கு ஒரே ஒரு ஆள் போதும். ஒரே தொழிலில் இருந்தவர், ஒரே விளையாட்டில் பைத்தியமாக இருப்பவர் யாராவது அங்கே இருக்கிறாரா என்று பணியாளரிடம் கேட்டு, முதல் இரண்டு முறை நீங்களும் கூட உட்கார்ந்து பேச்சை ஓட்டிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, நான் மிகவும் நம்புவது: அவருக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும். எல்லாவற்றையும் மற்றவர் செய்து தரும் இடத்தில் மனுஷனுக்குத் தான் எதற்கு இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும். எலன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு மாடியில் இருந்தவர்களிடம், ‘அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிக் கழிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு’ என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடி கொடுத்து, அவர்களையே வளர்க்கச் சொன்னார்கள். படம் பார்க்க எந்த நாள் வேண்டும் என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்ஸ்கள். ‘எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். சில வாரங்களில், பொறுப்பு கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக, சுறுசுறுப்பாக இருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்தத் தண்ணீர்க் குவளை யார் கையில் இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991-ல் நியூயார்க் மாநிலத்தில் தான் பொறுப்பேற்ற இல்லத்துக்குள் நாய், பூனை, நூறு பறவைகள், செடிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். தனிமை, கையாலாகாத நிலை, சலிப்பு என்ற மூன்றும்தான் அங்கே இருப்பவர்களைத் தின்கின்றன என்பது அவர் கண்டது.

உங்கள் அப்பா கணக்கு வாத்தியார் என்றால், பணியாளர் ஒருவரின் பிள்ளைக்கு வாரம் ஒருநாள் கணக்குச் சொல்லித் தரலாமா என்று கேளுங்கள். அம்மாவுக்குத் தையல் தெரியும் என்றால் பொத்தான் அறுந்த சட்டைகளை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். நிஜமாகவே அறுந்த சட்டையாக இருக்கட்டும். பெரியவர்களுக்குப் போலி வேலை எது என்று நன்றாகத் தெரியும்.

மறதி நோய் இருப்பவரை எப்படிப் பழக்குவது?

இன்றைக்குச் சொன்னது நாளைக்கு நினைவில் நிற்காது என்பதால், முன்கூட்டியே பல வாரம் பேசுவது பதற்றத்தைத்தான் கூட்டும். போகும் நாள் நெருங்கியதும் எளிமையாகச் சொல்லுங்கள். அறைக் கதவில் அவர் பெயரும், அவர் அடையாளம் காணக்கூடிய ஒரு படமும் ஒட்டுங்கள். போன வருடம் எடுத்த குடும்பப் படம் பயன்படாமல் போகலாம். 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் நடந்தவைதான் பொதுவாக மனதில் அதிகம் தங்குகின்றன. இளவயதில் எடுத்த படத்தைப் போட்டுப் பாருங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பலருக்குக் கலக்கம் கூடும். விளக்குகளை முன்கூட்டியே போடுவது, அந்த நேரத்தில் பழகிய பாட்டு, யாராவது கையைப் பிடித்து நடப்பது உதவும்.

என்றோ இறந்துபோன தன் அம்மாவைத் தேடுகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் “அவங்க செத்துப் போயிட்டாங்க” என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் சாவு. “உங்க அம்மா எப்படி இருப்பாங்க? சொல்லுங்க” என்று கேளுங்கள். இது ஏமாற்றுவதில் சேராது என்றே நான் நினைக்கிறேன். அவர் தேடுவது அந்த அன்பைத்தான்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால், ஆள் தெரியாமல் பேசினால், அல்லது சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே. இதை டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புது மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ‘புது இடம், அதான்’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வயதானால் தாகம் எடுப்பதும் குறையும் என்பதால் தண்ணீர் விஷயத்தைக் கேட்டு வையுங்கள்.

எதிலும் பிடிப்பில்லாமல், பிடித்ததைக்கூட ஒதுக்கிக்கொண்டு, தூக்கமோ பசியோ கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதியவர்களுக்கென்றே ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு வந்தால் காத்திருக்கவே வேண்டாம். வயதானவர்களுக்கும் மனச்சோர்வு குணமாகும்.

இடம் மாறும்போது மருந்துகள் இரட்டிப்பாவதும் விட்டுப்போவதும் சகஜம். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், முழுப் பட்டியலையும் டாக்டரோடு சரிபாருங்கள். ராத்திரி தூங்கவில்லை என்று தூக்க மாத்திரை தொடங்கினால் ஏன், எத்தனை நாள் என்று கேளுங்கள். அவை முதியவர்களுக்கு விழும் ஆபத்தைக் கூட்டும்.

பணியாளர்களிடம் எப்படி நடந்துகொள்வது? குறை சொன்னால் அம்மாவிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்துக்கு மிகாமல் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழுவார், குளிக்கக் காலையா மாலையா, எந்தத் தோள் வலிக்கும், எதற்குக் கோபப்படுவார், கோபம் வந்தால் என்ன செய்தால் தணியும். நோய்ப் பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், ஆள் யார் என்பது இருக்காது.

பணியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நன்றாகச் செய்ததை அன்றைக்கே சொல்லுங்கள். அப்புறம் குறை சொல்லும்போது அது சண்டையாக மாறாது. நடந்ததை நாள், நேரத்தோடு எழுதி வைத்து, பொறுப்பாளரிடம் அமைதியாகக் கேளுங்கள். காயம், பயந்த பார்வை, காணாமல் போகும் பணம் என்று எதைக் கண்டாலும் தயங்கவே கூடாது. 1991 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட முதியோருக்கான 18 கொள்கைகளில் ஒன்று இதைப் பற்றியே பேசுகிறது: எந்தப் பராமரிப்பு இடத்தில் இருந்தாலும் அவர்களுடைய கண்ணியமும் அந்தரங்கமும், தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் உரிமையும் மதிக்கப்பட வேண்டும். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

நான் வெகு தூரத்தில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

நேரம் தவறாத போன். வீடியோ அழைப்பு சிலருக்குக் குழப்பம் தரும், குரல் மட்டும் போதும். அடிக்கடி வராத நீண்ட கடிதத்தைவிட, வாரா வாரம் வரும் இரண்டு வரித் தபால் அட்டை மேல்: கையில் பிடித்துத் திரும்பத் திரும்பப் படிக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டலாம். அருகில் இருக்கும் உடன்பிறப்பின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத் தொலைவிலிருந்து குறை மட்டும் சொல்லாதீர்கள். பில் கட்டுவது, டாக்டர் நேரம் வாங்குவது போன்றவற்றை எங்கிருந்தும் செய்யலாம்.

அப்பா அங்கே, அம்மா வீட்டில். இருவரையும் எப்படிப் பார்ப்பது?

ஐம்பது வருடம் ஒரே கூரையில் இருந்தவர்களைப் பிரிக்கும்போது வீட்டில் இருப்பவருக்கும் அதே அளவு உதவி தேவை. துணை உயிரோடு இருக்கும்போதே வரும் துக்கம் அது. வந்து துக்கம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய தெளிவற்ற இழப்பைப் பற்றி 1970-களிலிருந்து எழுதிவருகிறார். அம்மா போகும்போது இருவரும் தனியாக இருக்க ஒரு மணி நேரம் கிடைக்கும்படி பாருங்கள். கதவைச் சாத்திவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஒரு விளையாட்டோ படம் வரையும் தாளோ கையில் இருக்கட்டும். அரை மணி நேரம் போதும்.

எனக்குக் குற்ற உணர்ச்சி போகவே இல்லை.

எனக்கும் முழுசாகப் போகவில்லை. ஐந்து வருடம் ஆகியும் சில ராத்திரி அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊர் வாய் வேறு, “பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டா” என்று. அந்த ஊர் வாய் ஒரு ராத்திரிகூட உங்கள் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததில்லை, அதை மறக்காதீர்கள்.

எனக்கு உதவியது இதுதான். வீட்டில் இருந்த கடைசி வருடத்தில் நான் அம்மாவுக்கு மகளாக இருக்கவில்லை. மாத்திரை கொடுப்பவளாக, துணி மாற்றுபவளாக, எரிந்து விழுபவளாக இருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் பேசுகிறோம். போன மாதம் என் தலையைப் பின்னிவிட்டார், கை நடுங்க நடுங்க. பின்னல் கோணலாக வந்தது, அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் பாரம் அதிகமானால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களை அந்த இல்லத்து வராந்தாவிலேயே சந்திக்கலாம்.

எல்லாம் செய்தும் அந்த இடம் ஒத்துவரவில்லை என்றால்?

ஆறு மாதம் போல நேர்மையாக முயன்ற பிறகும் அவர் வாடிக்கொண்டே இருந்தால், முதலில் அறையை, தளத்தை, சாப்பாட்டு மேஜையை மாற்றிக் கேளுங்கள். அதுவே பல நேரம் போதும். பிரச்சினை இல்லத்திலேயே இருந்தால் வேறு இடம் பாருங்கள். இன்னொரு இடமாற்றம் என்பது இன்னொரு அடி, ஆகவே அவசரப்பட வேண்டாம். ஆனால் தவறான இடத்திலேயே விட்டுவைக்கவும் வேண்டாம். கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஆறு மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள். அடுத்த இடத்தைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் கட்டிலில் அவர் உட்கார்ந்து பார்க்கட்டும், ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று அவர் சொல்லட்டும்.